பிழை பொறுக்காத மனம்: எத்தனை வகை?

திருப்போரூரிலிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். ஊரை நெருங்கும்போதே உளிச் சத்தம் காதில் விழும். இன்று மின்சாரக் கல்லறுக்கும் கருவிகளும் கூடச் சேர்ந்து இரைகின்றன. ஆயினும் சிற்பக்கூடத்தில் முதல் வேலை பழைய வேலைதான். கருங்கல்லின் மேல் செங்காவியால் கோடு இழுத்து அளவு குறிக்கிறார்கள்.

அந்த அளவு விளையாட்டன்று. முகத்தின் நீளம் ஒரு தாளம். ஒரு தாளத்துக்கு 12 அங்குலம் என்பது சிற்ப நூல்களின் கணக்கு. (நம் அளவுகோலில் உள்ள அங்குலம் வேறு, இது வேறு. சிலையின் உயரத்தையே பகுத்துப் பெறுவது இந்த அங்குலம்.) ஒன்பது தாள உருவத்துக்கு 108 அங்குலம். தெய்வ உருவங்களுக்குரிய உத்தம தசதாளத்துக்கு 124 அங்குலம். களிமண் பொம்மையில் மூக்கு உடைந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். கல்லில் ஒரு சில்லு கூடுதலாகத் தெறித்துவிட்டால் தெறித்ததுதான்.

இத்தகைய தொழிலுக்குப் பிழை பொறுக்காத மனம் வேண்டும். ஆனால் அந்த மனம் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்குமா? ஒருவர் அளவுநூலைக் கையிலிருந்து கீழே வைக்கவே மாட்டார். இன்னொருவருக்கு அளவெல்லாம் சரியாக இருந்தாலும் முகத்தில் சாந்தம் வரவில்லையே என்று ஏக்கம். மூன்றாமவருக்குத் தம் வேலையைவிடப் பக்கத்தில் இருப்பவர் வேலையில்தான் கண். சிற்பக்கூடம் வரை போகவேண்டியதில்லை. உங்கள் வகுப்பிலேயே இவர்கள் இருப்பார்கள். செய்முறை நோட்டில் தவளைப் படத்தின் ஓரம் சற்றுக் கலைந்துவிட்டது என்பதற்காகப் பக்கத்தையே கிழித்துவிட்டு, இரவு பதினோரு மணிக்கு மறுபடி வரையும் நண்பர் ஒருவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவர் நீங்களாகவே இருக்கவும் கூடும்.

மனிதர்களை வகை பிரிக்கும் ஆசை மிகப் பழையது. நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று மூன்று உடலியல்புகளைச் சொல்கிறது. கிரேக்க மருத்துவர்கள் நான்கு உடல் நீர்களைச் சொன்னார்கள். இக்காலத்தில் பரவலாகப் பேசப்படும் முறைகள் இரண்டு.

முதலாவது மையர்ஸ்-பிரிக்ஸ் முறை. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலார் கார்ல் யுங் 1921-இல் ஆளுமை வகைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். (1938-இல் கல்கத்தாவில் நடந்த அறிவியல் மாநாட்டுக்கு அழைக்கப்பட்டு இந்தியா வந்தவர் இவரே.) அந்நூலைப் படித்து வியந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த காதரின் பிரிக்ஸ் அம்மையார். அவரும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் சேர்ந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு வினாத்தாளை உருவாக்கத் தொடங்கினர். இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். அகமுகமா புறமுகமா, விவரமா கற்பனையா, தர்க்கமா உணர்வா, திட்டமா போகிறபோக்கா என்று நான்கு இணைகள். அவற்றிலிருந்து 16 வகை மனிதர்கள்.

இரண்டாவது எனியகிராம். வட்டத்துக்குள் ஒன்பது முனைகள் கொண்ட ஒரு வரைபடம். முனைக்கு ஒரு குணம். பொலிவியாவில் பிறந்த ஆஸ்கர் இச்சாசோ என்பவர் 1970-இல் சிலி நாட்டில் இதைக் கற்பித்தார். அவரிடம் பயின்ற கிளாடியோ நரஞ்சோ என்ற மனநல மருத்துவர் இதை மேலும் விரித்தார். இதில் ‘ஒன்றாம் எண்’காரர்தாம் பிழை பொறாதவர். திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போகிறவர்கள் அங்குள்ள சக்கரத்தையும் வணங்கிவிட்டு வருவார்கள். அது வழிபாடு. ஆனால் உளவியல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், படம் அழகாக இருப்பது போதாது. அளந்து காட்ட வேண்டும்.

இவ்விரு முறைகளையும் பின்பற்றுவோர் இரண்டையும் பின்னிப் பார்க்கிறார்கள். ஒன்றாம் எண்காரர் விவரம் பார்க்கும் வகையினராக இருந்தால் அளவிலும் ஒழுங்கிலும் கண்டிப்பு காட்டுவார்; கற்பனை வகையினராக இருந்தால் உலகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு காட்டுவார்; புறமுகராக இருந்தால் பிறரைத் திருத்தப் புறப்படுவார்; அகமுகராக இருந்தால் தம்மையே வாட்டிக்கொள்வார் என்கிறார்கள். நம் சிற்பிகள் மூவரும் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அளந்தால் என்ன ஆகிறது?

இங்கேதான் சிக்கல். பரீட்சையில் 35 மதிப்பெண் பெற்றவர் தேறியவர். 34 பெற்றவர் தேறாதவர். இருவருடைய அறிவிலும் பெரிய வேறுபாடு உண்டா? மனிதர்களின் குணமும் அப்படித்தான். உயரத்தைப் போலவே, பெரும்பாலோர் நடுவில் குவிந்திருக்கிறார்கள். இரு ஓரங்களிலும் சிலரே இருக்கிறார்கள். கூட்டம் மிகுந்த அந்த நடுவிடத்திலேயே கோடு கிழித்து, இந்தப் பக்கம் அகமுகர், அந்தப் பக்கம் புறமுகர் என்றால் என்ன ஆகும்? ஒரே ஆளுக்கு ஐந்து வாரம் கழித்து மறுபடி சோதனை வைத்தபோது, பாதிப் பேர் வரை வேறு வகைக்குப் போய்விட்டதாக ஆய்வுகள் உண்டு. ஐந்து வாரத்தில் ஆள் மாறிவிடவில்லை. கோட்டின் ஓரத்தில் நின்றவர் ஓர் அடி நகர்ந்தார், அவ்வளவே.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. இக்கால ஆளுமை ஆய்வாளர்கள் வகைகளை விட்டுவிட்டு ஐந்து அளவுகளைப் பயன்படுத்துகிறார்கள். மெக்ரே, கோஸ்டா என்னும் இருவர் 1989-இல் மையர்ஸ்-பிரிக்ஸ் இணைகளை இந்த ஐந்தோடு ஒப்பிட்டனர். நான்கு இணைகளும் நான்கு அளவுகளோடு ஓரளவு பொருந்தின. விடுபட்டுப்போன ஐந்தாவது எது தெரியுமா? கவலைப்படும் இயல்பு! பிழை பொறாத மனத்தைப் பற்றி அறிய முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அந்த வினாத்தாளில் இல்லை.

ஏன் அதை முதலில் கேட்க வேண்டும்? நேர்த்தியாகச் செய்ய வேண்டும் என்ற முயற்சி ஒன்று. பிழை வந்தால் என்ன ஆகுமோ என்ற அச்சம் வேறொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டு பேரும்தான் தவளையை மறுபடி வரைகிறார்கள். ஆனால் முதலாமவர் விடாமுயற்சி, ஒழுங்கு ஆகிய இயல்புகளோடு சேர்பவர். இரண்டாமவர் கவலையோடும் மனச்சோர்வோடும் சேர்பவர்.

கனடாவைச் சேர்ந்த பால் ஹியூவிட், கோர்டன் ஃபிளெட் ஆகிய உளவியலார் 1991-இல் 45 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அவர்கள் ஆட்களை வகைப்படுத்தவில்லை. எதிர்பார்ப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்தார்கள். நானே என்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது ஒன்று. பிறரிடம் அதை எதிர்பார்ப்பது மற்றொன்று. ‘நான் குறையில்லாமல் இருந்தால்தான் வீட்டாரும் ஊராரும் என்னை மதிப்பார்கள்’ என்று நம்புவது மூன்றாவது. ஒரே ஆளிடம் மூன்றும் வெவ்வேறு அளவில் இருக்கலாம். மூன்றில் அதிகத் தீங்கு செய்வது கடைசியில் சொன்னதுதான். தாமஸ் கர்ரன், ஆண்ட்ரூ ஹில் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் கல்லூரி மாணவர் 41,641 பேரின் விடைகளைத் தொகுத்துப் பார்த்தனர். 1989 முதல் 2016 வரை மூன்றும் வளர்ந்திருந்தன. மிக அதிகமாக வளர்ந்தது அந்த மூன்றாவது வகை எதிர்பார்ப்பே. பொதுத்தேர்வு ஆண்டில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சை அறிந்தவர்க்கு இது வியப்பாக இராது.

மாமல்லபுரத்துக்குப் போனால் ஐந்து ரதங்களின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தனர். அடியில் பல இடங்கள் முடிவுறாமலே நிற்கின்றன. உளி பட்ட தடங்கள் அப்படியே இருக்கின்றன. வேலை எப்படி நடந்தது என்பதை அறிஞர்கள் அறிந்துகொண்டதே அந்த முடியாத இடங்களிலிருந்துதான்.

அது சரி, வகைப் பட்டியல்கள் இவ்வளவு குறையுள்ளவை என்றால், படிப்பவர்கள் “என்னைப் பற்றி அப்படியே சொல்லியிருக்கிறதே!” என்று ஏன் வியக்கிறார்கள்? இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆசிரியர் அனுமதியுடன் வகுப்பு நண்பர்களிடம் ஏதேனும் பத்துக் கேள்விகள் கேட்டு விடைகளை வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாளில் ‘உன் குணம்’ என்று எழுதிக் கொடுங்கள். ஆனால் எல்லாத் தாளிலும் ஒரே வாசகங்கள்தாம் இருக்க வேண்டும். “உன்னிடம் நீ இன்னும் பயன்படுத்தாத திறமை உண்டு”, “வெளியே தைரியமாக இருந்தாலும் உள்ளுக்குள் தயக்கம் உண்டு” என்பன போல எழுதுங்கள். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். தாள்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளக் கூடாது. சராசரியைக் கணக்கிட்ட பிறகு உண்மையைச் சொல்லிவிடுங்கள். 1948-இல் அமெரிக்க உளவியலார் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேரிடம் இதைச் செய்தபோது கிடைத்த சராசரி 4.26. அவர் அந்த வாசகங்களைப் பெரும்பாலும் எடுத்தது, கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து!