பறை ஊரெங்கும் ஒலிக்கிறது, அடித்தவர் பெயர் எங்கே?

ஊர்த் திருவிழாவில் பறையாட்டம் நடந்தால், மறுநாள் விடிவதற்குள் அந்தக் காணொளி நூறு பேரின் கைப்பேசியில் ஓடுகிறது. சுற்றி நின்று பார்த்தவர்கள் எடுத்தது, ஒலிபெருக்கிக்காரர் எடுத்தது, விழாக் கமிட்டி அமர்த்திய வீடியோக்காரர் எடுத்தது என்று எத்தனையோ பதிவுகள். அவற்றின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘சாவு மேளம் செம குத்து’ என்றிருக்கும். ‘மரண மாஸ் அடி’ என்றிருக்கும். அடித்தவரின் பெயர் இருக்காது. குழுவின் பெயர் இருக்காது. எந்த ஊர்க் கலைஞர்கள் என்பதும் இருக்காது. ஒளிப்பதிவு செய்தவரின் தொலைபேசி எண் மட்டும் தவறாமல் இருக்கும்.

இதைச் சின்ன விஷயம் என்று நாம் நினைக்கவில்லை. பறையடிப்பது நம் மக்கள் மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. சாவு வீட்டுக்கு அடி என்றால் அடிக்க வேண்டும்; கூலி என்று கேட்டால் வம்பு. அந்த இழிவு வேண்டாம் என்று பறையைத் தூக்கி எறிந்தவர்கள் நம்மில் உண்டு. அதே பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றியவர்களும் உண்டு. முனைவர் கே.ஏ.குணசேகரன் நாட்டுப்புறப் பாடலையும் இசையையும் பல்கலைக்கழகம் வரை கொண்டு சென்றார். திண்டுக்கல் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவ்வளவு தூரம் வந்த பிறகும், இணையத்தில் நம் கலைஞர் பெயரற்றவராகவே இருக்கிறார் என்றால், பழைய ஊழியம் புதிய இடத்தில் தொடர்கிறது என்றுதான் பொருள்.

பெயரைப் போடுவது எடுப்பவரின் பெருந்தன்மை என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது சட்டம் கொடுத்த உரிமை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38-வது பிரிவு நிகழ்த்துநர் உரிமையைப் பேசுகிறது. பாடுபவர், ஆடுபவர், இசைப்பவர், வித்தை காட்டுபவர், பாம்பாட்டி வரை எல்லோரும் அந்தச் சட்டத்தின் பார்வையில் நிகழ்த்துநர்கள். அந்த உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். 2012-இல் வந்த திருத்தம் இதை இன்னும் வலுவாக்கியது. 38ஏ பிரிவின்படி, தன் நிகழ்ச்சியைப் பதிவுசெய்யவும் பொதுமக்களுக்கு வெளியிடவும் அனுமதிக்கும் உரிமை கலைஞருக்கே உண்டு. வணிக நோக்கில் பயன்படுத்தினால் அதில் பங்கும் உண்டு. 38பி பிரிவு, இதை நிகழ்த்தியவர் இவர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைத் தருகிறது. சொந்தமாகப் பார்த்து மகிழவும், பாடம் நடத்தவும், செய்தி வெளியிடவும் பதிவு செய்வதற்கு விலக்கு உண்டு. விளம்பர வருமானத்துக்காக ஓட்டுவது அந்த விலக்கில் வராது.

சட்டம் இருந்தும் ஏன் கைக்கு எட்டவில்லை? ஒரு கலைக்குழு இணையத்தில் தன் காலில் நிற்கத் தேவையான திறன் நம் குழுக்களிடம் இன்னும் வளரவில்லை. அதை வளர்க்க எந்த நிதியும் ஒதுக்கப்படவில்லை. இந்தக் கட்டுரையில் நாம் பேச விரும்புவது அதைத்தான்.

எது டிஜிட்டல் திறன்?

டிஜிட்டல் என்றதும் கேமரா வாங்கிக் கொடுப்பது என்று அதிகாரிகள் புரிந்துகொள்கிறார்கள். நாமும் சில நேரம் அப்படித்தான் கேட்கிறோம். கேமரா கடைசியில் வர வேண்டியது.

முதலில் வர வேண்டியது குழுவின் பெயரில் ஒரு மின்னஞ்சலும், அதன் கடவுச்சொல் குழுவின் கையில் இருப்பதும். இன்று பல குழுக்களின் மின்னஞ்சலை இ-சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோதான் தொடங்கியிருக்கிறார்கள். கடவுச்சொல் அந்தக் கடைத் தம்பிக்குத்தான் தெரியும். ஓடிபி வரும் எண் மகனுடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கும். அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் விண்ணப்பம் அந்தரத்தில் நிற்கும். கரகாட்டம் ஆடும் அக்காவுக்கோ ஒப்பாரி பாடும் அம்மாவுக்கோ சொந்தமாகக் கைப்பேசியே இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இரண்டாவது, சொந்தமான ஆவணம். எத்தனை அடிகள், எந்தச் சடங்குக்கு எந்த அடி, தோலை எந்தப் பதத்தில் காய்ச்சுவது, அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் எந்த மரத்தில் செய்வது என்பதெல்லாம் மூத்த ஆசான்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. ஒருவர் மறையும்போது அவருடன் சேர்ந்து சில அடிகளும் போய்விடுகின்றன. வெளியூர் ஆய்வாளர் வந்து பதிவுசெய்து கொண்டுபோகிறார். அதன் நகல் ஒன்று குழுவிடம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை.

மூன்றாவது, ஒப்பந்தம் படிக்கத் தெரிவது. ‘என்ஜாயி எஞ்சாமி’ பாடல் 2021 மார்ச்சில் வெளியாகி உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். நிலமற்ற உழைப்பாளிகளின் கதையைச் சொன்ன பாடல் அது. அந்தப் பாடலால் தனக்கோ, தீக்கோ, அறிவுக்கோ ஒரு பைசா வருமானமும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார். புகழ்பெற்ற கலைஞர்களுக்கே இந்த நிலை என்றால், வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கப்படும் நம் கிராமத்துக் குழுவின் நிலையை நாம் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, வருமானத்தின் வழி தெரிவது. யூடியூபில் விளம்பரப் பங்கு பெறச் சந்தாதாரர் 1,000 பேர் வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும் அல்லது குறும்படக் காணொளிகள் 90 நாளில் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். நம் கலைஞர்களின் காணொளிகளுக்கு இந்த எண்ணிக்கை பெரிதல்ல. ஆனால் அது பத்துப் பேரின் சேனல்களில் சிதறிக் கிடக்கிறது, குழுவின் சேனலில் இல்லை.

அரசு நிதி எங்கே நிற்கிறது?

கலைஞர்களுக்கு உதவியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் அமைக்கப்பட்டது. இயல் இசை நாடக மன்றம் வழியாக இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க நிதி தரப்படுகிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் கலை மன்றம் இருந்து விருது கொடுக்கிறது. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. ஆனால் இவை பெரும்பாலும் தனிக் கலைஞருக்குப் போகின்றன. குழு என்ற அமைப்பு வலுவாக இது போதாது.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ‘கலா சம்ஸ்கிருதி விகாஸ் யோஜனா’ திட்டத்தில் குருவுக்கும் சீடர்களுக்கும் மாதாந்திர நிதி கொடுக்கும் பிரிவு இருக்கிறது. குருவுக்கு மாதம் ரூ.15,000 வரை கிடைக்கும். அதைப் பெற அமைப்பு பதிவாகியிருக்க வேண்டும். தணிக்கை செய்த கணக்கு வேண்டும். நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் எண் வாங்கியிருக்க வேண்டும். விண்ணப்பம் இணையத்தில், ஆங்கிலத்திலோ இந்தியிலோ. கொரோனா காலத்தில் நிகழ்ச்சிகளை இணைய வழியில் நடத்தியும் இத்திட்டத்தில் நிதி பெறலாம் என்று அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேமராவும் இணைய இணைப்பும் ஆங்கிலம் எழுத ஆளும் வைத்திருந்த நகரத்துச் சபாக்களுக்கு அது எளிதாக இருந்தது. வேலையிழந்து நூறுநாள் வேலைக்குப் போன பறைக் கலைஞருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

பிற நாடுகள் எப்படிச் செய்தன?

இங்கிலாந்தில் 2012 முதல் 2015 வரை, கலை அமைப்புகளின் டிஜிட்டல் முயற்சிகளுக்கென்றே 70 லட்சம் பவுண்டு நிதியம் ஒன்று இயங்கியது. அந்நாட்டுக் கலை மன்றம், நெஸ்டா, கலை மற்றும் மானுடவியல் ஆய்வு மன்றம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை நடத்தின. கலை அமைப்பு தனியாக வர முடியாது. ஒரு தொழில்நுட்பக் குழுவையும் ஓர் ஆய்வாளரையும் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். கற்றதை, தோற்றதையும் சேர்த்து, மற்ற அமைப்புகள் பயன்படும்படி வெளியிட வேண்டும்.

கனடாக் கலை மன்றம் 2017-இல் 8 கோடியே 85 லட்சம் கனடா டாலரில் டிஜிட்டல் நிதியம் ஒன்றைத் தொடங்கியது. கலைஞர்களின் டிஜிட்டல் அறிவை வளர்ப்பது, கலையை மக்களிடம் கொண்டுசெல்வது, அமைப்பு வேலைசெய்யும் முறையையே மாற்றுவது என்று மூன்று பிரிவாக அது நிதி கொடுத்தது. புளூம்பர்க் அறக்கட்டளை 2021-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 46 பண்பாட்டு அமைப்புகளுக்கு உதவத் தொடங்கியபோது, ஒவ்வோர் அமைப்பும் தன் ஊழியர்களில் ஒருவரைத் தொழில்நுட்பப் பொறுப்பாளராக நியமித்தது.

இவை பணக்கார நாடுகள். அந்த அமைப்புகளுக்குக் கட்டடம் உண்டு, சம்பளத்துக்கு ஆள் உண்டு. எட்டுப் பேர் கொண்ட, அலுவலகம் இல்லாத நம் குழுவோடு அவற்றை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டு பாடங்கள் நமக்குப் பொருந்தும். பொருளை வாங்கிக் கொடுப்பதைவிட ஆளைத் தயார்செய்வதே முக்கியம் என்பது ஒன்று. அந்த ஆள் குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

நம் கோரிக்கை

ஒரு குழுவுக்கு ஆண்டுக்கு என்ன செலவாகும் என்று நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். குழுவில் படித்த ஒருவருக்கு, அவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது, டிஜிட்டல் பொறுப்பாளராக மாதம் ரூ.5,000 கொடுத்தால் ஆண்டுக்கு ரூ.60,000. நல்ல கைப்பேசி, ஒலிவாங்கி, தாங்கி, சேமிப்பு வட்டு ஆகியவற்றுக்கு ரூ.30,000. சங்கப் பதிவு, கணக்குத் தணிக்கை, இணையக் கட்டணத்துக்கு ரூ.10,000. ஆக ஒரு லட்சம். மாவட்டத்துக்கு 20 குழு என்றால் 38 மாவட்டத்துக்கும் சேர்த்து 760 குழு, ரூ.7 கோடியே 60 லட்சம். தமிழ்நாடு அரசுக்கு இது பெரிய தொகையல்ல.

2024-இல் நம் சட்டப்பேரவை ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. நம் மக்களுக்கான நிதியை நம் மக்களுக்கே செலவிட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்த நிதியிலிருந்து இந்தத் தொகையை ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறோம். விண்ணப்பம் தமிழில், இரண்டே பக்கத்தில் இருக்க வேண்டும். எழுதத் தெரியாத ஆசான் பேசிப் பதிவுசெய்து அனுப்பினாலும் ஏற்க வேண்டும். 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம் நூல்களைச் சேகரிப்பதுபோல நம் அடிகளையும் பாடல்களையும் சேகரிக்க வேண்டும். ஆனால் உரிமை குழுவிடமே இருக்க வேண்டும். சாவுச் சடங்கின் அடியை வெளியிட வேண்டாம் என்று ஒரு குழு நினைத்தால், அந்த முடிவையும் மதிக்க வேண்டும்.

நாம் இப்போதே செய்யக்கூடியவை

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழுக்கள் முதலில் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், சேனல் மூன்றையும் தொடங்குங்கள். கடவுச்சொல்லைக் குழுவின் நோட்டில் எழுதி, இரண்டு பேரிடமாவது வையுங்கள். அச்சாரம் வாங்கும்போதே, எங்கள் பெயரும் ஊரும் போடாமல் காணொளி வெளியிடக் கூடாது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்க் கலைஞர்களின் காணொளி எங்கெங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெயர் இல்லாத ஒவ்வொன்றின் கீழேயும் அவர்கள் பெயரை, குழுவை, ஊரை எழுதுங்கள். பதிவிட்டவருக்கு 38பி பிரிவை எடுத்துச் சொல்லி, விளக்கப் பகுதியில் சேர்க்கச் சொல்லுங்கள். சாதியைச் சொல்லி ஏசும் பின்னூட்டங்களைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க அது உதவும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் தாத்தாவிடமோ ஆசானிடமோ உட்கார்ந்து, அவர் அறிந்த அடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வைத்துப் பதிவுசெய்யுங்கள். ஒரு நகலை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். தீர்மானத்தின் நகல் மாவட்டக் கலை மன்றத்துக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் போகட்டும். அதில் நம் ஊர்க் குழுவின் பெயரையும், கலைஞர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் முழுமையாக எழுதுவோம்.