சதுப்பின் அடியில்

அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்து மேட்டு நிலங்களில் சதுப்புப் பரந்து கிடக்கிறது. ஓயா மழையில் ஊறிய பாசியும் புல்லும் முழுதும் மட்காமல் படிந்து 'பீட்' என்னும் கரிய மண்ணாகின்றன. அதனை வெட்டி உலர்த்தி எரிப்பது அந்நாட்டார் வழக்கம். 1930களில் பாட்ரிக் கால்பீல்டு என்னும் பள்ளியாசிரியர், பீட் வெட்டிய இடங்களில் அதன் அடியே கற்கள் வரிசையாகக் கிடக்கக் கண்டார். சதுப்பு உண்டாகுமுன் மாந்தர் எழுப்பிய சுவர்கள் அவை என உணர்ந்தார். தொல்லியல் அறிஞரான அவர் மகன் சேமஸ், பின்னாளில் நீண்ட இரும்புக் கம்பியை இடம் இடமாக ஊன்றிச் சோதித்தார். கம்பி ஆழ இறங்கினால் வெறும் பீட். இடையில் தடைப்பட்டால் கல். எளிய கருவிதான், ஆயினும் பெரிதும் அகழாமலே, கிலோமீட்டர் கணக்கில் நீளும் வயற்சுவர்கள் வரைபடத்தில் எழுந்தன! கேஜா வயல்கள் எனப்படும் இவை 5000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்பர் ஆய்வாளர் பலர்.

இத்தகைய மேடுகளில் காற்று மிகுதி. ஆதலால் காற்றாலை அமைப்போர் இவற்றை நாடுகின்றனர். காற்றாலைக்குச் சாலையும் வடிகாலும் வேண்டும். நீர் வடிந்தால் பீட்டினுள் காற்றுப் புகும். நெடுங்காலம் கெடாதிருந்த மரமும் தோலும் மட்கிப்போம். எனவே, மண் வெட்டுமுன் தொல்லியலார் சாலை செல்லும் வழியெல்லாம் நடந்து, கம்பி ஊன்றி ஆழம் அளக்கின்றனர். குழாய் இறக்கி எடுத்த பீட்டில் மகரந்தத்தையும் ஆராய்கின்றனர். மர மகரந்தம் குறைந்து தானிய மகரந்தம் தோன்றும் அடுக்கு, உழவர் காடழித்த காலத்தைக் காட்டும். பீட்டின் ஆழம் பொறியாளருக்கும் வேண்டுவதே. 2003இல் கால்வே மாவட்டத்து டெரிபிரியனில் காற்றாலை எழும்போது, பீட் பெருஞ்சரிவாக மலையினின்று இறங்கியது.

சுவர் தென்பட்டால் சாலையை விலக்கி அமைப்பர். இயலாதாயின் முன்னரே அகழ்ந்து பதிவு செய்வர். கம்பிக்குக் கல் தெரியும். மெல்லிய மரப்பொருள் தெரியாது. ஆகவே மண் வெட்டும் நாளிலும் தொல்லியலார் ஒருவர் குழியருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.