"காலேஜ்லயே சாப்பிட்டேன்மா"

கல்லூரியிலிருந்து திரும்பும் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தாலே அது சாப்பிட்ட டப்பா என்று தெரியும். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு கடுகு சிக்கியிருக்கும், ஓரத்தில் தயிர்சாதப் பருக்கை காய்ந்திருக்கும், திறந்ததும் லேசான புளித்த வாடை வரும். மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஏதோ ஒரு வீட்டில் அந்த டப்பா திடீரென்று பளிச்சென்று கழுவித் துடைத்து வரத் தொடங்குகிறது. பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா மகிழ்கிறாள். ஒரு மாதம் அப்படியே போகிறது. ராத்திரி தட்டு வைத்தால், "காலேஜ்லயே சாப்பிட்டேன்மா, பசிக்கல" என்கிறாள் பெண்.

அந்தச் சின்னப் பொய்க்குப் பின்னால் ஒரு நோய் இருக்கலாம் என்று நம் வீடுகளில் யாருக்கும் தோன்றுவதில்லை. அசிடிட்டி என்போம், பரீட்சை டென்ஷன் என்போம், கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுவோம். மருத்துவர்கள் இதை ஈட்டிங் டிஸார்டர், உணவுக் கோளாறு என்கிறார்கள். பருத்துவிடுவோமோ என்ற பயத்தில் பட்டினி கிடந்து உருகுவது அனரெக்ஸியா. அடங்காமல் அள்ளித் தின்றுவிட்டு, பதறிப்போய் அதை வாந்தியாகவோ பேதி மாத்திரையாலோ வெளியேற்றப் பார்ப்பது புலிமியா. வெளியேற்றாமல், ஒளிந்து ஒளிந்து வயிறு வலிக்கத் தின்று வெட்கத்தில் புழுங்குவது பிஞ்ச் ஈட்டிங். இவற்றைப் பிடிவாதம் என்றும் ஸ்டைல் என்றும் தள்ளிவிடுவது பெரிய தவறு. மனநோய்களிலேயே அதிக உயிர்களைப் பறிப்பவற்றில் அனரெக்ஸியா ஒன்று.

அந்தப் பெயரை 1873இல் வைத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் கல். புலிமியாவை 1979இல் தனி நோயாக விவரித்தவர் ஜெரால்ட் ரஸ்ஸல், அவரும் லண்டனில் பணியாற்றியவர்தான். இதனால் இது வெள்ளைக்காரப் பணக்காரப் பெண்களின் வியாதி என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. அதை நம் பக்கத்திலிருந்து அசைத்தது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. சீனிவாசன், சுரேஷ், வசந்தா ஜெயராம் ஆகியோர் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 15 சதவீதம் பேரிடம் உணவு, எடை குறித்த உளைச்சல் காணப்பட்டது. முற்றிய நோய் என்று சொல்ல முடியாத, அதன் வாசற்படி போன்ற நிலை அது. இன்ஸ்டாகிராம் பிறப்பதற்குப் பத்தாண்டுக்கு மேல் முந்தைய காலம்.

பிஜித் தீவிலிருந்து வந்த தகவல் இன்னும் உறைக்கும். அங்கே நம் ஊரைப் போலவே பூசினாற்போன்ற உடம்புக்குத்தான் மதிப்பு. நட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த புதிதில் ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளிப் பெண்களிடம் விசாரித்தபோது, எடை குறைக்க வாந்தியெடுத்ததாக ஒருவரும் சொல்லவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1998இல், சுமார் 11 சதவீதம் பேர் சொன்னார்கள்.

அறிகுறிகளைத் தேடும்போது எடை மெஷினை மட்டும் நம்பக் கூடாது. புலிமியா உள்ள பலருடைய எடை சாதாரணமாகவே இருக்கும். சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு இட்லியைப் பதினாறு துண்டாக்கி அரைமணி நேரம் தட்டில் நகர்த்துவது, குடும்பத்தோடு உட்காராமல் நழுவுவது, சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவது, ஜுரத்திலும் மாடிப்படி ஏறி இறங்குவதை விடாதது, மும்பை வெயிலில் தொளதொள ஸ்வெட்டர். திடீர் பக்தியையும் கவனிக்கலாம். சஷ்டி, ஏகாதசி என்று விரத நாட்கள் கூடிக்கொண்டே போய், பாரணைக்கும் சாக்குச் சொல்லும்போது அது விரதமாகத் தெரியவில்லை. உடம்பும் தன் பங்குக்குச் சொல்லும்: மாதவிடாய் நின்றுபோகும், முடி கொத்தாக உதிரும், எப்போதும் குளிரும், மயக்கம் வரும். அடிக்கடி வாந்தியெடுப்பவர்களுக்குக் கன்னத்தின் கீழ்ப்பக்கம் வீங்கும், விரல் முட்டியில் தழும்பு விழும், பல்லின் எனாமல் அரித்துப்போகும். சில சமயம் முதலில் சந்தேகப்படுபவர் பல் டாக்டர்தான்.

சாப்பிடாத பெண் சமையல் வீடியோவையே பார்த்துக்கொண்டிருப்பதும், தம்பிக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போடுவதும் பெற்றோரைக் குழப்பும். அதற்கு விளக்கம் ஒரு பழைய ஆய்வில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் அந்த ஆய்வுக்காகத் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். சமையல் புத்தகங்களை வெறித்துப் படித்தார்கள், உணவைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் தின்றார்கள், எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கிப்போனார்கள். மனநோயே இல்லாதவர்களைப் பட்டினி அப்படி மாற்றியது. ஆகவே "முன்னே எப்படிச் சிரிச்சுப் பேசுவா" என்று ஏங்கும் அம்மாவுக்கு ஒரு தெம்பு உண்டு. முகம் மாறியதில் பட்டினிக்கும் பெரிய பங்கு இருக்கிறது. உடம்பு தேறத் தேற அந்தப் பழைய மகள் திரும்பி வரலாம்.

தாராவியில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே மெலிந்த பிள்ளை என்றால் ரத்தசோகை, சத்துக்குறைவு, காசநோய் என்றுதான் முதலில் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். "என்னட்டி இப்படி வத்திப்போயிட்டே" என்று 90 அடி சாலையில் எதிர்ப்படும் திருநெல்வேலி அத்தை கேட்பதோடு விஷயம் முடிந்துவிடும். சோற்றுக்கு அல்லாடிய குடும்பத்தில் ஒரு பிள்ளை சோறு இருந்தும் உண்ண மறுக்கும் என்பது நம்ப முடியாததாகப் படுகிறது. போதாக்குறைக்கு, நம் நாட்டு நோயாளிகளில் சிலர் குண்டாகிவிடுவேன் என்று சொல்வதே இல்லை. வயிறு உப்புகிறது, இறங்கமாட்டேன் என்கிறது என்பார்கள். வயிற்று டாக்டரிடம் எண்டோஸ்கோபிவரை போய், எல்லாம் நார்மல் என்ற சீட்டோடு திரும்புவார்கள்.

பையன்களுக்கும் இது வரும். அவர்களிடம் மெலியும் ஆசையைவிடத் தசை வெறி தலைதூக்கலாம். புரோட்டீன் பவுடரும் வேகவைத்த கோழியும் தவிர வேறெதையும் தொடாமல், ஒருநாள் ஜிம் தவறினால் துடித்துப்போகிறவனைக் கண்டு வீடு பெருமைப்படுகிறது.

இதே மும்பையில் சினிமாவில் இருக்கும் ரிச்சா சட்டா தனக்குப் புலிமியா இருந்ததை டெட்எக்ஸ் மேடையில் வெளிப்படையாகப் பேசினார். உடம்பைக் கூட்டு, குறை, மாற்று என்று துறை விடாமல் சொன்ன யோசனைகள் எங்கே கொண்டுவிட்டன என்பதை மறைக்கவில்லை. கேங்ஸ் ஆஃப் வாசேபூர் படத்தில் வளர்ந்த ஆண்களுக்குத் தாயாக அவர் வாழ்ந்து காட்டியதைக் கண்டவர்கள், அத்தனை உறுதியான முகத்துக்குப் பின்னால் இது இருந்ததா என்று திகைத்தார்கள்.

பேச்சைத் தொடங்குவதுதான் வீட்டுக்குக் கடினம். சாப்பாட்டு வேளையில் வேண்டாம், கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் வேண்டவே வேண்டாம். எடை, அழகு, "ஊர்ல எத்தனை பேர் சோறில்லாம இருக்காங்க" ஆகிய மூன்றையும் விட்டுவிட வேண்டும். "ரெண்டு மாசமா நீ எங்களோட உக்காந்து சாப்பிடல, ராத்திரி தூங்கல, எனக்குப் பயமா இருக்கும்மா. ரெண்டு பேரும் டாக்டரப் பாப்போம்" என்று கண்ணில் பட்டதை மட்டும் சொன்னால் போதும். இல்லை என்று சாதிப்பாள், கோபப்படுவாள். ஒரு வாரம் கழித்து மறுபடி சொல்ல வேண்டும்.

யாரிடம் போவது? மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது சயான் ஆஸ்பத்திரி, பரேலில் கே.இ.எம். இரண்டும் மாநகராட்சி மருத்துவமனைகள், இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. கேஸ் பேப்பர் எடுத்து ஓபிடியில் காட்டலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, ரத்த வாந்தி இருந்தால் நேரே கேஷுவாலிட்டிக்குப் போய்விட வேண்டும். தொடர்ந்து வாந்தியெடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதனால்தான் மனநல மருத்துவரே ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் கேட்பார். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஆசையாக நெய்யும் சோறும் ஒரேயடியாக ஊட்டுவதும் ஆபத்து. உப்புச் சத்துகள் திடீரென்று சரிந்து உயிருக்கே உலை வைக்கும். அந்த முதல் நாட்களின் உணவை மருத்துவர்தான் அளந்து கொடுக்க வேண்டும்.

வளரும் பிள்ளைகளுக்கு இன்று பலன் தரும் சிகிச்சைகளில் ஒன்று லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. அதில் பெற்றோர்தான் முதல் செவிலியர். என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைக் கொஞ்ச காலம் அவர்கள் தீர்மானித்து, வேளைக்கு வேளை பக்கத்தில் உட்கார்ந்து, கத்தாமல் கெஞ்சாமல் முடியும்வரை இருக்கிறார்கள். தேறத் தேறப் பொறுப்பைப் பிள்ளையிடம் திருப்பித் தருகிறார்கள். மாதக்கணக்கில் ஆகும், நடுவில் சறுக்கும்.

முதல்முறை போகும்போது ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவது நல்லது: கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, மயங்கி விழுந்த நாட்கள், போட்டுக்கொள்ளும் மாத்திரைகள், எந்தெந்த உணவு எப்போதிலிருந்து நின்றது, டப்பா எந்த மாதத்திலிருந்து கழுவி வருகிறது.