பாலாறும் உழவும்

நந்திமலையில் தோன்றி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே கடலை அடையும் பாலாறு இப்பகுதி உழவர்க்கு உயிர்நிலை. தோல் பதனிடும் ஆலைகளின் உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீரால் ஆற்றங்கரைக் கிணறுகளும் விளைநிலங்களும் கெட்டன. மாசு செய்தவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்றல் வேண்டும் என 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதனை வலியுறுத்தியது.

மலரும் இலையும் மண்ணில் மக்கி எருவாகும், உப்போ மக்குவதில்லை. எத்துணை எரு இட்டாலும், உவர்நீர் பாயும் நிலத்தில் இயற்கை வேளாண்மை தழைப்பது அரிது. ஆதலின் கழிவுநீரைத் தூய்மை செய்தல் ஆலையோர் கடன்.

அன்பர்கள் கடனும் ஒன்றுண்டு. வழிபாட்டு மலர்களையும் இலைகளையும் நெகிழியுடன் கலவாது தனியே இடுக. அவை நந்தவனத்திற்கு எருவாகும். ஆற்றில் எதனையும் எறியாதிருத்தலும் இறைவழிபாடே.