பறக்கும் தம்பி, பெட்ரோல்

பழைய புல்லட்டுக்குப் பெரிய கார்ப்ரேட்டர் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வண்டி காலையில் எத்தனையாவது உதையில் ஸ்டார்ட் ஆகிறது என்பதைத்தான். முதலிரண்டு உதையில் பிடித்துக்கொள்ளாத வண்டிக்கு நான் கார்ப்ரேட்டர் மாற்றுவதில்லை. பிளாட்டினம் பாயிண்ட் தேய்ந்து, டேப்பெட் இறுகி, இன்டேக் கேஸ்கெட்டில் காற்றுக் கசிகிற எஞ்சினுக்குத் தங்கத்தில் கார்ப்ரேட்டர் செய்து மாட்டினாலும் இருமிக்கொண்டுதான் ஓடும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க, ஐடிலிங்கில் ஓடும்போது இன்டேக் மூட்டில் கார்ப்ரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் பீய்ச்சினால் போதும். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே ஓட்டை. வந்தவர்களில் பலர் இதைச் சரிசெய்ததுமே வண்டி இழுக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள். எனக்கு வியாபாரம் போச்சு, வேறென்ன.

பட்டறை மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலையில் இருக்கிறது. மேலே ஏறப்போகிற வண்டியும் இங்கேதான் நிற்கும், திணறிவிட்டு இறங்கி வந்த வண்டியும் இங்கேதான் நிற்கும். கார்ப்ரேட்டரைப் படிக்க இதைவிட நல்ல இடம் அமையாது.

கார்ப்ரேட்டர் பெட்ரோலை எஞ்சினுக்குள் தள்ளுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது எதையும் தள்ளுவதில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று கார்ப்ரேட்டரின் குறுகலான தொண்டையில் நுழையும்போது, தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுவதுபோல, வேகம் பிடிக்கிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருப்பதால், பெட்ரோல் ஜெட் வழியாக மேலேறித் தூவலாகக் காற்றில் கலக்கிறது. ஆகவே தொண்டையில் காற்று வேகமாக ஓடினால்தான் பெட்ரோல் வரும். தொண்டையை அகலமாக்கினால் மெதுவாகப் போகும்போது அந்த வேகம் செத்துவிடும்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 வண்டியையே எடுத்துக்கொள்வோம். சென்னை திருவொற்றியூரில் பிறந்த வண்டி. போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90, கொள்ளளவு 346 சிசி, 5625 சுற்றில் 18 குதிரைத்திறன். பின்னாளில் இதில் வந்தது மிக்கார்ப் விஎம் 24 கார்ப்ரேட்டர். 24 என்பது தொண்டையின் விட்டம், மில்லிமீட்டரில். 500 சிசி புல்லட்டுக்கு 28 கொடுத்தார்கள். விட்டத்தில் நான்குதானே வித்தியாசம் என்று தோன்றும். பரப்பைக் கணக்கிட்டால் 24-ஐவிட 28 ஏறத்தாழ 36 விழுக்காடு பெரிய ஓட்டை. 34 போட்டால் இரண்டு மடங்கு.

கோவையிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்திருந்தான். "ஏனுங்ணா, முப்பத்திநாலு போட்டா வண்டி பறக்குமுங்களா?"

"பறக்கும் தம்பி, பெட்ரோல்."

அளவு பார்க்கப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒரு சிலிண்டரின் கொள்ளளவை லிட்டரில் எழுதி, உச்சத் திறன் கிடைக்கும் சுற்றால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். அதை 0.65 முதல் 0.9 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்கினால் தொண்டையின் விட்டம் வரும். சாலையில் ஓட்ட 0.65 பக்கம், ரேஸுக்கு 0.9 பக்கம். புல்லட்டுக்கு 0.346 பெருக்கல் 5625, வர்க்கமூலம் 44. அதை 0.65-ஆல் பெருக்கினால் 28.7. கம்பெனி மைலேஜுக்காக 24-இல் இறுக்கிப் பிடித்திருந்தது, 28 வரை போக நியாயம் இருக்கிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது. அதற்கு மேலே போவது கேம், வால்வு, சைலன்சர் எல்லாவற்றையும் மாற்றி எஞ்சினை உச்சச் சுற்றிலேயே வைத்திருப்பவர்களுக்கு. வைரவிழா பார்த்த தாத்தாவைப் பிடித்து ஓட்டப்பந்தயத்தில் விடாதீர்கள்.

ஆர்எக்ஸ் 100 பிரியர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 98 சிசி, 7500 சுற்று. விடை 17.6-க்கும் 24.4-க்கும் நடுவில் வரும். அந்த வண்டியில் 28 மாட்டிக்கொண்டு, கீழே இழுவை போய்விட்டது என்று புலம்பினால் என்ன செய்வது? டூ ஸ்ட்ரோக் வண்டியான அதில் பெட்ரோல் குறைந்து லீன் ஆனால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், அது வேறு.

சரி, 28 மாட்டியாயிற்று. இனி டியூனிங். நம் ஊரில் இதை எல்லோரும் காற்று ஸ்க்ரூவில்தான் தொடங்குவார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஸ்க்ரூடிரைவர் எட்டுகிறது, அதனால்தான். அந்த ஸ்க்ரூவும் பைலட் ஜெட்டும் ஆள்வது ஆக்சிலேட்டரின் முதல் கால்வாசித் திருப்பத்தை மட்டும். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை, ஆக்சிலேட்டர் தூக்கும் ஸ்லைடில் தொங்கும் நீடிலும் அது நிற்கும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எந்த இடத்தில் கோளாறு என்று தெரியாமல் ஸ்க்ரூவைத் திருகுவது வீண். நான் கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுவிடுவேன். பிறகு ஓட்டுகிறவர் "நடுவுல ஒரு மாதிரி இழுக்குதுங்க" என்று சொல்லத் தேவையில்லை, எந்தக் கோட்டில் என்று சொல்லிவிடலாம்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மெயின் ஜெட்டில் தொடங்குவேன். விடிகாலையில் அன்னூர் சாலையின் ஆளில்லாத நீளத்தில் மூன்றாவது கியர், ஆக்சிலேட்டர் முழுசாக. அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் பீங்கான் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி, வெளுத்திருந்தால் லீன், கரி படிந்திருந்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். ஆனால் இப்போது வரும் பெட்ரோலில் நிறத்தை மட்டும் நம்ப முடிவதில்லை. அதற்கு இன்னொரு சோதனை வைத்திருக்கிறேன். சந்தேகமான கோட்டில் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு சோக்கைக் கொஞ்சம் இழுப்பேன். இழுத்ததும் வண்டி தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை, மூச்சுமுட்டினால் ஏற்கெனவே அதிகம்.

ஜெட்டின் எண் கூடினால் பெட்ரோல் கூடும். ஒவ்வொரு படியாக மாற்றுங்கள். ஏர் பில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு வெறும் கோன் பில்டரும் சத்தக்கார சைலன்சரும் மாட்டியவர்களுக்குக் காற்று கூடியிருக்கும், பெரிய ஜெட் தேவைப்படும். சத்தத்துக்குப் போலீஸ்காரர் போடும் அபராதம் தனிக் கணக்கு. நீடிலின் தலையில் ஐந்து பள்ளங்கள் இருக்கும். கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்தில் மாட்டினால் நீடில் உயர்ந்து ரிச் ஆகும், மேல் பள்ளத்தில் மாட்டினால் லீன் ஆகும். கடைசியில்தான் ஸ்க்ரூ. முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, ஐடிலிங் மிக உயர்ந்து சீராக நிற்கும் இடத்தைத் தேடுங்கள். விஎம் வகையில் ஸ்க்ரூ ஏர் பில்டர் பக்கம் இருக்கும், உள்ளே திருகினால் ரிச். 2020 வரை வந்த பிந்தைய புல்லட்களின் பிஎஸ் 29 கார்ப்ரேட்டரில் ஸ்க்ரூ ஆள்வது பெட்ரோல் கலவையை, அங்கே உள்ளே திருகினால் லீன். இந்த ஒன்று தெரியாமல் பாழான நாட்கள் எத்தனையோ பட்டறைகளில் உண்டு.

இப்போது மலைக்கு வருவோம். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1900 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்ரோல் அதே விகிதத்தில் குறையாது. அதனால் கலவை ரிச் ஆகி, குன்னூர் தாண்டியதும் வண்டி திணறும், பிளக் கரி பிடிக்கும். மேலேயே குடியிருப்பவர் ஜெட்டை ஒன்றிரண்டு படி குறைத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வருகிறவர் எதையும் தொட வேண்டாம், கீழே இறங்கினால் கலவை தானே சரியாகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து, முன்பு சரியாக டியூன் செய்த வண்டிகள் கீழே சமவெளியில் லீனாக ஓடுகின்றன. வெறும் பெட்ரோலின் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலவைக்கு 13.5 அளவே போதும், எடைக் கணக்கில். அதாவது ஒன்பது விழுக்காடு போலப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். சமவெளியில் சூடேறிப் 'பட் பட்' என்று சைலன்சரில் வெடிக்கும் புல்லட், ஊட்டியில் ஒழுங்காக ஓடுகிறது என்று ஒருவர் என்னிடம் ஆச்சரியப்பட்டார். மலை கூட்டியதை எத்தனால் கழித்துவிட்டது, வேறொன்றுமில்லை. இப்போது எந்தப் பழைய வண்டிக்கும் ஜெட் ஒரு படி ஏற்றிப் பார்க்காமல் நான் கணக்கை மூடுவதில்லை. பழைய பெட்ரோல் குழாயையும் மிதவை ஊசியின் ரப்பர் முனையையும் அப்போதே மாற்றிவிடுவேன், எத்தனால் அவற்றைத் தின்கிறது.

வாங்கும்போது கவனம். ஜப்பான் பெயர் பொறித்த போலிகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. ஸ்லைடை விரலால் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்றால் வேண்டாம். அதில் வரும் ஜெட்களின் எண்ணையும் நம்ப வேண்டாம், அசல் ஜெட் தனியாக வாங்கிப் போடுங்கள். ஜெட் அடைத்துக்கொண்டால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளை மிருதுவானது, 110 என்று எழுதியது 120 ஆகிவிடும். காற்றடித்தால் போதும்.

எல்லாம் முடிந்ததும் மெயின் ஜெட் எண், பைலட் ஜெட் எண், கிளிப் எத்தனையாவது பள்ளம், ஸ்க்ரூ எத்தனை சுற்று என்று ஒரு சீட்டில் எழுதி, பாலிதீனில் சுற்றி டூல் பெட்டிக்குள் போட்டுக் கொடுப்பேன். அடுத்து எந்த ஊர் மெக்கானிக் கழற்றினாலும் அவர் முதலில் அதைப் படிக்கட்டும்.