நெடும்பயணக் கன்றுகளும் அழற்சி தணிக்கும் மருந்தும்

ஐக்கிய அமெரிக்காவின் டென்னஸி, கென்டக்கி முதலிய மாநிலங்களில் சிறு பண்ணைகளில் பிறக்கும் கன்றுகள், தாயைவிட்டுப் பிரிக்கப்பட்ட சில நாட்களிலேயே, சில சமயம் அதே நாளிலேயே, சந்தைக்கு வந்துவிடுகின்றன. அங்கே முன்பின் அறியாத பல பண்ணைக் கன்றுகளோடு கலந்து லாரியில் ஏறி, கான்ஸாஸ், டெக்ஸாஸ் பக்கத்துத் தீனிக் கொட்டில்களை அடைகின்றன. ஆயிரம் மைலைத் தாண்டும் பயணங்களும் உண்டு. தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் உட்கார இடமின்றிச் சென்றவர்கள் நேயர்களில் இருக்கலாம். கன்றின் பாடு அதனினும் கடினம். ஆடும் தரையில் நின்றபடி, தீனியும் தண்ணீருமின்றிச் செல்லும் அது, போய்ச் சேருமுன் தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேலும் இழந்துவிடக்கூடும்.

இழந்த எடையை மீட்டுவிடலாம். கவலைக்குரியது உடலுக்குள் நிகழ்வதே. அச்சமும் களைப்பும் மிகும்போது இரத்தத்தில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் பெருகி, நோயெதிர்ப்பு ஆற்றலைத் தளர்த்துகிறது. கூடவே, நோய்க்கிருமி ஏதும் புகாத நிலையிலேயே அழற்சியின் அடையாளங்களும் இரத்தத்தில் தோன்றுகின்றன. அழல் என்பதிலிருந்து பிறந்த அழற்சி என்னும் சொல் இங்கு வெகு பொருத்தம். நலமான கன்றின் மூக்கிலேயே தீங்கின்றித் தங்கியிருக்கும் மான்ஹைமியா என்னும் பாக்டீரியா இச்சமயம் பார்த்துப் பெருகி, நுரையீரலில் இறங்கிவிடுகிறது. இவ்வாறு வரும் நிமோனியாவை ஆங்கிலத்தில் ‘ஷிப்பிங் ஃபீவர்’ என்பர். ‘கப்பல் காய்ச்சல்’ என்று மொழிபெயர்க்கக் கை துடிக்கும். கப்பலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ‘பயணக் காய்ச்சல்’ என்பதே சரி.

லாரியில் ஏற்றுமுன்பே மருந்து கொடுத்து இந்த அழலைத் தணிக்கலாகாதா என்று கால்நடை ஆராய்ச்சியாளர் சிலர் முயன்றனர். அழற்சியை மூட்டும் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். மெலாக்சிகம் அதே வழியில் வேலை செய்யும் மருந்து. ஸ்டீராய்டு மருந்துகளும் அழற்சியை அடக்கும். ஆனால் நோயெதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடும். மெலாக்சிகத்தை வாய்வழியே ஒரு முறை கொடுத்தால், ஒரு நாளுக்கு மேலும் கன்றின் உடலில் நின்று பயன் தரும். நெடும்பயணத்துக்கு இது பெரும் வசதி.

பலன் என்ன? பயணத்துக்குப் பின் இரத்தத்தில் அழற்சிக் குறிகள் குறைந்திருந்ததாகச் சில ஆராய்ச்சிகள் காட்டின. நோயுறும் கன்றுகளின் எண்ணிக்கையில் வேறுபாடே காணாத ஆராய்ச்சிகளும் உண்டு. ஆகவே இதனை ஒரு துணை என்று கொள்ளலாமேயன்றி, காப்பு என்று கொள்வதற்கில்லை.

இவ்வகை மருந்துகளைப் பற்றி நம் நாடு கற்ற பாடம் ஒன்று உண்டு. டைக்ளோஃபெனாக் கொடுக்கப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள், சிறுநீரகம் பழுதுற்று மாண்டன. ஓர் இனம் 1990-களிலிருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. மாடுகளுக்கு அம்மருந்தைத் தருவது 2006-இல் தடை செய்யப்பட்டது. கழுகுகளுக்குத் தீங்கற்றதெனக் கண்ட மெலாக்சிகம் மாற்று மருந்தாயிற்று.

ஆனால் கன்றுக்கும் கவனம் வேண்டிய உறுப்பு சிறுநீரகமே. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் குன்றாமல் காப்பது, இம்மருந்து தடுக்கும் அதே புராஸ்டகிளாண்டின்தான். தாகத்தால் வாடிய கன்றுக்குக் கொடுத்தால் தணிவுக்குப் பதில் கேடு விளையலாம். மருந்தைக் காட்டிப் பயணத்தை நீட்டுவதற்கும் சட்டத்தில் இடமில்லை. அமெரிக்காவில் தொடர்ந்து 28 மணி நேரத்துக்கு மேல் கொண்டு செல்லப்படும் பிராணிகளை இறக்கி, தீனியும் நீரும் ஐந்து மணி நேர ஓய்வும் தரவேண்டும் என்னும் விதி, 1873-இல் பிறந்த சட்டத்தின் வழி வந்தது. கனடாவில் 2020 முதல் மாடுகளுக்கு 36 மணி நேரமே எல்லை. கன்று வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே, விவரமறிந்த கால்நடை மருத்துவர் மருந்துப் புட்டியைத் திறப்பார்.