தாயம் விழ எத்தனை உருட்டு?

இரண்டு தாயக்கட்டைகளை உருட்டினால் 16 விதமாகத்தான் விழ முடியும், தெரியுமா? ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம்: புள்ளியில்லாதது, ஒன்று, இரண்டு, மூன்று. நானாங்கு பதினாறு, அவ்வளவுதான்! அதில் தாயம் எனும் ஒன்று விழ இரண்டே வழி, அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. அப்படியானால் எட்டு உருட்டுக்குள் தாயம் நிச்சயமா? அதுதான் இல்லை! எட்டிலும் விழாமல் போக 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது. தாயம் விழாததால் காய் இறக்க முடியாமல் தவிக்கும் அத்தையின் ராசியைக் குறை சொல்லாதீர்கள். மூன்றில் ஒருவர் பாடு அதுதான்!

பன்னிரண்டும் (இரண்டு கட்டையும் புள்ளியில்லாமல் விழுவது) ஆறும் இன்னும் அரிது, தலா 16-ல் ஒன்று. அடிக்கடி விழுவது மூன்று.

இன்னும் கேளுங்கள். பன்னிரண்டையும் சேர்த்து ஓர் உருட்டின் சராசரி 3.75. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் அல்லவா? அதற்கு 16-ல் 6 வாய்ப்பு. ஆகவே கட்டை ஒருமுறை கைக்கு வந்தால் சராசரி 1.6 உருட்டு. இரண்டையும் பெருக்குங்கள்: சுத்தமாக 6 கட்டம்! யார் வகுத்த விதியோ, பின்னம்கூட மிச்சமில்லை!

பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில் ஷெவாலியே தெ மேரேயைக் குழப்பிய பந்தயம் தெரியுமா? ஒரு பகடையை நான்கு முறை உருட்டி, ஒருமுறையாவது ஆறு விழும் என்று பந்தயம் கட்டினால் வெல்லும் வாய்ப்பு 51.8 சதவீதம். ஆட்டத்துக்கு ஒரு காசு வைத்தால், நூறு ஆட்டத்தில் சராசரி மூன்றரைக் காசு லாபம்! இரண்டு பகடையை 24 முறை உருட்டி இரட்டை ஆறு கேட்டால்? அதுவும் இதே கணக்குப்போலத்தான் தோன்றும். ஆனால் வாய்ப்பு 49.1 சதவீதம்தான், கைக்காசு கரையும். 25-வது உருட்டு ஒன்றைக் கூட்டிக்கொண்டால் மறுபடி லாபம்! அவர் கேட்ட கேள்விகளால் 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணக்கே வளர்ந்தது.

மூன்று பகடையில் ஒன்பதைவிடப் பத்து சற்றே அதிகம் விழும் என்பதைச் சூதாடிகள் கண்ணாலேயே கண்டுபிடித்திருந்தார்கள்! காரணத்தை எண்ணிக் காட்டியவர் கலீலியோ: 216 விதத்தில் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27.

ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள். எல்லாவற்றிலும் ஒரு காசு வையுங்கள். தோற்கவே முடியாது என்று தோன்றுகிறதா? வென்ற காசோடு 35 பரிசு, ஆக 36 திரும்பும். ஒரு காசு சூதாட்ட விடுதிக்கு. அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைச் சுழியும் சேர்ந்து 38 எண்கள், பரிசோ அதே 35. அங்கே சுற்றுக்கு இரண்டு காசு போகிறது!